ஓவ் போட ஓர் ஆள்

சைலன்ஸுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது வங்கிக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். சினிமாவில் ஒலிப்பதிவு செய்கிறவர், முப்பது வருடமாக "சைலன்ஸ்!" என்று கத்தியே காலம் தள்ளியதால் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அமைதி வேண்டும் என்று கேட்கிற மனுஷன் இப்படித் தொண்டை கிழியக் கத்தலாமா என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்க வாயைத் திறந்தால் அதற்கும் ஒரு "சைலன்ஸ்!" விழும்.

வீட்டுக்கு வந்தால் மட்டும் காதைக் கழற்றி வைத்துவிட முடியுமா? மின்விசிறி ஓடினால் முகம் சுளிப்பார். பக்கத்து வீட்டு குக்கர் ஒரு விசில் அடித்தால், அடுத்த விசில் வரும்வரை கையில் எடுத்த காப்பியைக் குடிக்கமாட்டார். ஃப்ரிட்ஜ்தான் அவருக்கு ஜென்ம விரோதி. வீட்டில் ஏதாவது பதிவு செய்கிற நாளில் முதல் காரியமாக அதை அணைத்துவிடுவார். மறுபடி போட மறந்துவிடுவார். இப்படித் திரிந்துபோன பாலுக்குக் கணக்கே இல்லை. ஃப்ரிட்ஜ் விஷயமாக மனைவி வாயைத் திறந்தால் மட்டும், சைலன்ஸே சைலன்ஸ் ஆகிவிடுவார்.

மனைவி ஒரு சின்னப் பதிப்பகம் நடத்துகிறாள். கீழ் வீட்டு முன்னறையில் இரண்டு மேஜை, ஒரு பிரிண்டர், கூரை முட்ட விற்காத புத்தகக் கட்டுகள். அதற்கு மேல்மாடியில் குடித்தனம். இந்த ஏற்பாட்டில் இப்போது ஒரு பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. சைலன்ஸின் மாமியாருக்கு ஒரு மொழி தெரியும். எழுத்து கிடையாது, புத்தகம் கிடையாது. அதைப் பேசுகிறவர்கள், விசாரித்தவரை, உலகத்திலேயே இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவர் மாமியார். இன்னொருவர் மாமியாருக்கு நாத்தனார். மனைவிக்கு அப்பாவின் அக்கா. வீட்டில் எல்லோருக்கும் பெரியத்தை.

இரண்டு பேர்தான் மிச்சம், அந்த இரண்டு பேரும் நாத்தனாரும் தம்பி மனைவியும் என்றால் அந்த மொழியில் என்ன பேசப்பட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நாற்பது வருடமாக அது சண்டைக்கும் ரகசியத்துக்கும் மட்டும் பயன்பட்டது. அதனால்தான் சைலன்ஸின் மனைவிக்கு அம்மாவின் மொழியில் இரண்டு வாக்கியங்கள் மட்டும் சுத்தமாக வரும். ஒன்று, "மெதுவா பேசு, பிள்ளை கேக்குது." இன்னொன்று, "கதவைச் சாத்து."

ஆனால் கதை என்று வந்தால் இருவரும் ஆளே மாறிவிடுவார்கள். மாமியார் சொல்வார், பெரியத்தை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்தக் கதைகளைப் புத்தகமாகப் போடலாம் என்றாள் மனைவி. படமாகவே எடுக்கலாம் என்றார் சைலன்ஸ். உடனே போய்த் தனக்குத் தெரிந்த ஒரு டைரக்டரையும் பிடித்து வந்தார்.

அவர் இவ்வளவு வேகம் காட்டியதற்குக் காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் முதல்முதலாகப் பெண் வீட்டுக்குப் போன அன்று, போனில் ஏதோ பேசிக்கொண்டிருந்தவர், உள்ளே இரண்டு பெண்கள் சத்தமாகப் பேசுகிறார்களே என்று உதட்டில் விரலை வைத்து "ஸ்ஸ்ஸ்" என்றுவிட்டார். அவர்கள் அந்த வீட்டுக்காரர்கள் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு வாயை மூடிய மாமியார், மாப்பிள்ளையிடம் நேருக்கு நேராக இன்னும் திறக்கவில்லை. எது சொல்வதானாலும் அவர் எதிரிலேயே மகளிடம்தான் சொல்வார்.

"உன் வீட்டுக்காரர் காப்பி குடிக்கிறாரான்னு கேளும்மா."

"குடிக்கிறேன் அத்தை."

"குடிக்கிறாராமா?"

கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மாமியார் ஒரு தடவையாவது நேராக "மாப்பிள்ளை" என்று கூப்பிடவேண்டும் என்று சைலன்ஸ் ஆசைப்பட்டார். வெளியே சொன்னால் வெட்கக்கேடு, அதனால் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆசைக்காகத்தான், எதிரொலி வராதபடி படுக்கையறை அலமாரிக் கதவுகளைத் திறந்து போர்வைகளைத் தொங்கவிட்டு, ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்து, மாதக்கணக்கில் கதை கதையாகப் பதிவு செய்தார்.

அதில் ஒரே ஓர் உபத்திரவம். மாமியார் ஒரு வாக்கியம் சொல்லி மூச்சுவிடுவதற்குள் பக்கத்திலிருந்து பெரியத்தை "ஓவ்" என்பார். அடுத்த வாக்கியம், மறுபடி "ஓவ்". நடுவில் திடீரென்று மூக்கால் ஒரு "ஓங்". அது வந்தால் மாமியார் சீறிவிட்டு, சொன்னதையே வேறு மாதிரி சொல்வார். சைலன்ஸ் கெஞ்சிப் பார்த்தார். வாயை அடைக்கட்டும் என்று ஒரு மிட்டாயும் கொடுத்துப் பார்த்தார். மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு "ஓவ்" போட்டார் பெரியத்தை.

சரி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பிறகு பார்த்தும் கொண்டார். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஓவ்வையும் கத்தரித்து, வெட்டிய தடம் தெரியாமல் ஒட்டினார். மனுஷன் வேலையில் சூரர், அதில் சந்தேகமில்லை. மாமியாரின் குரல் மட்டும் தெள்ளத்தெளிவாக நின்றது. அந்தச் சுத்தமான ஒலியைக் கேட்டுத்தான் மனைவி எழுத்துக்கூட்டி, அர்த்தத்தை அம்மாவிடம் கேட்டுப் புத்தகத்துக்கு அடித்தாள். பதினோரு கதைகள் முடிந்தன. கடைசிக் கதை மட்டும் பாக்கி. அதுதான் பெரிய கதை, புத்தகத்துக்குத் தலைப்பே அதுதான். அதைக் கடைசியில்தான் சொல்லவேண்டும் என்று மாமியார் நிறுத்தி வைத்திருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் டைரக்டர், அதுவரை முடிந்ததைத் தன் ஆபீஸில் போட்டுக் காட்டுகிறேன் என்று எல்லோரையும் கூப்பிட்டார். மாமியாரும் பெரியத்தையும் இருப்பதிலேயே நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். விளக்கு அணைந்தது. திரையில் மாமியார் தோன்றி ஒரு வாக்கியம் சொன்னார். கீழே எழுத்து ஓடியது: 'ஏரிக்கரையில் ஒரு பெண் இருந்தாள்.' பெரியத்தை தன் குரல் வரப்போகிறது என்று தலையை நிமிர்த்தி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். வரவில்லை. அடுத்த வாக்கியமும் வந்து போனது. மாமியார் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். பெரியத்தை எழுந்து நின்றுவிட்டார்.

"நான் எங்கே?"

"எங்கேன்னா என்ன பெரியத்தை?" என்றார் சைலன்ஸ்.

"அதைத்தான் கேக்குறேன். நானும் கூட உக்காந்து போட்டேனே, என் ஓவ் எங்கே?"

சைலன்ஸ் பெருமையாகவே சொன்னார். "அதெல்லாம் சுத்தம் பண்ணிட்டேன். ஒரு இடத்துலகூடத் தெரியாது பாருங்க."

பெரியத்தை இடுப்பில் கையை வைத்தார். "சுத்தம் பண்ணினீங்களா? எங்க பேச்சுல ஒருத்தி சொன்னா அது பாதிதான். கேக்குறவ 'ஓவ்' போட்டாத்தான் நடந்ததுன்னு அர்த்தம். போடாம விட்டா அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு அர்த்தம். இவ இப்ப அங்க என்ன சொல்றா தெரியுமா? ஏரிக்கரையில எந்தப் பொண்ணும் இல்ல. அவளுக்கு ஒன்பது ஆடு இல்ல. ஆடாவது மண்ணாவது!"

திரையில் மாமியார் மட்டும் உருக்கமாக, நடக்காததை எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் அடித்து முடித்திருந்த புத்தகம் முழுக்க ஒரே மறுப்பு அறிக்கை.

டைரக்டருக்கு மட்டும் முகம் மலர்ந்தது. "இது நல்லா இருக்கே பாஸ்! ராஜா இல்ல, ராணி இல்ல, ஆடு இல்ல. ரொம்ப மாடர்னா இருக்கு. இப்படியே விட்டுட்டா என்ன?"

அவரை யாரும் மதிக்கவில்லை. பெரியத்தை விறுவிறுவென்று வெளியே போனார். அப்போதுகூட விஷயம் கைமீறவில்லை. மறுநாள் சைலன்ஸ் நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, "உங்க ஓவ் ஒண்ணுகூட வீணாகல, எல்லாம் பத்திரமா இருக்கு, வந்து பாருங்க" என்று கையோடு அழைத்துவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். தொழில் தெரிந்தவன் வெட்டியதைத் தூக்கிப்போடமாட்டான். அவரும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருந்தார். உற்சாகத்தில் அதைத் திறந்தும் காட்டிவிட்டார். அதற்குத் தான் என்ன பெயர் வைத்தோம் என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

பெரியத்தை கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார். "பெரியத்தை தொல்லை ஒண்ணு. பெரியத்தை தொல்லை ரெண்டு. பெரியத்தை தொல்லை மூணு..."

சைலன்ஸுக்கு அசடு வழிந்தது. திரை முழுக்கத் தொல்லைதான். பெரியத்தை, 'தொல்லை இருமல்', 'தொல்லை சண்டை', 'தொல்லை மிட்டாய்' என்று பொறுமையாகக் கீழே வரை படித்துவிட்டு எழுந்தார்.

"இனிமே என் வாயில இருந்து ஒரு ஓவ் வராது. எழுதி வச்சுக்குங்க."

பழைய பதினோரு கதைகளிலும் ஓவ்களை அதனதன் இடத்தில் திரும்ப ஒட்டிவிட்டார் சைலன்ஸ். அவை தப்பித்தன. பெரிய கதைதான் அந்தரத்தில் நின்றது. ஓவ் போட ஆளில்லாமல் அதை எப்படிச் சொல்வது? மாமியார் சொல்லிப் பார்த்தார். மைக்கைப் பார்த்து மூன்று வாக்கியம் சொன்னவர், வாய் தானாக நின்றுபோய் அலமாரிப் போர்வையை வெறித்துப் பார்த்தார். மகளை உட்காரவைத்துப் பார்த்தார். அவள் பயத்தில், வாக்கியம் முடிவதற்கு முன்னாலேயே "ஓவ் ஓவ்" என்று முந்திக்கொண்டாள்.

"சொல்றதுக்கு முன்னாலயே நடந்துடுச்சுன்னா நான் எதுக்குடி சொல்லணும்?" என்று மாமியார் சலித்துக்கொண்டார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "இது எங்கம்மா எனக்குச் சொன்னது. உனக்கு நான் சொல்லாமலே விட்டுட்டேன். இதையும் வயித்துலயே வச்சுக்கிட்டுப் போனா என் கட்டை வேகாது."

அதைக் கேட்ட சைலன்ஸ் உடனே செருப்பை மாட்டினார். ஒரு மொழியின் பெரிய கதை, தான் வைத்த ஒரு அசட்டுப் பெயரால் தொலையப்போகிறது. பெரியத்தை வீட்டுக்கு இரண்டு முறை போனார். இரண்டு முறையும் பெரியத்தை உதட்டில் விரலை வைத்து "ஸ்ஸ்ஸ்" என்று கதவைச் சாத்திவிட்டார். இருபது வருடக் கடன் வட்டியோடு திரும்பியது.

யோசனை சொன்னது டைரக்டர்தான். "எதுக்கு பாஸ் இவ்வளவு கவலை? அவங்க ஓவ் நம்மகிட்ட நூத்துக்கணக்குல இருக்கே. பட்டன்ல ஏத்திடுங்க. அம்மா கதை சொல்லட்டும், நீங்க அமுக்குங்க."

வேறு வழி தெரியாமல் சைலன்ஸ் ஒத்துக்கொண்டார். பெரியத்தை வழக்கமாக உட்காரும் நாற்காலியில் ஒரு ஸ்பீக்கரை வைத்தார்கள். அது கீழே விழாமல் இருக்க ஒரு தலையணையையும் முட்டுக்கொடுத்தார்கள். ஃப்ரிட்ஜ் அணைந்தது. மின்விசிறி நின்றது. "சைலன்ஸ்!" என்று கத்திவிட்டு, பட்டனில் விரலை வைத்துக்கொண்டார்.

மாமியார் முதல் வாக்கியம் சொன்னதும் சைலன்ஸ் பட்டனை அமுக்கினார். நாற்காலியிலிருந்து பெரியத்தையின் குரல் "ஓவ்" என்றது. மாமியார் முகத்தில் ஒரு வெளிச்சம். இரண்டாவது வாக்கியம் சொன்னார். "ஓவ்." அடடா, என்று டைரக்டர் கட்டைவிரலைக் காட்டினார். மூன்றாவது வாக்கியத்துக்கு சைலன்ஸ் அமுக்கியது பக்கத்துப் பட்டன்.

"ஓங்!"

மாமியார் விருட்டென்று திரும்பினார். "யாரைப் பொய்க்காரிங்கிறே? எங்கம்மா பொய் பேசாதவன்னு சொல்றேன், அதுக்கு ஓங்கா?"

சைலன்ஸ் பதறிப்போய் வேறு பட்டனை அமுக்கினார். "ஓங்." இன்னொன்றை அமுக்கினார். "ஓங், ஓங்!" அதற்குமேல் மாமியார் தன் மொழிக்குத் தாவிவிட்டார். சரமாரியாக வந்து விழுந்தது. கையை நீட்டி நீட்டி ஸ்பீக்கரைத் திட்டினார். ஸ்பீக்கரும் விடாமல் ஓங் போட்டது, ஏனென்றால் சைலன்ஸின் விரல் பட்டனிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் மாமியார் தலையணையை உருவி நாற்காலியை ஒரு போடு போட, ஸ்பீக்கர் கவிழ்ந்து விழுந்தது. அப்போதுதான் அவருக்குத் தான் யாரோடு சண்டை போடுகிறோம் என்று உறைத்தது.

தலையணையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். "அண்ணி இல்லாம ஒரு சண்டைகூட உருப்படியா போட முடியலையே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மனைவி சத்தமில்லாமல் கீழே போய் போனை எடுத்தாள். அவள் கெஞ்சவில்லை, அழவில்லை. சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அத்தை, உங்க குரலை மெஷின்ல போட்டு, நீங்க கேக்காத கதைக்கெல்லாம் உங்க பேர்ல ஓவ் போட்டுக்கிட்டு இருக்காங்க. சும்மா தகவலுக்குச் சொன்னேன்."

பெரியத்தை நாலு தெரு தள்ளி இருப்பவர். வந்த வேகத்தைப் பார்த்தால் பக்கத்து அறையிலிருந்து வந்ததுபோல் இருந்தது.

"எவன் அவன் என் குரல்ல பொய்ச்சாட்சி போடுறவன்?"

டைரக்டர் சட்டென்று அலமாரிப் போர்வைக்குப் பின்னால் ஒதுங்கினார். பெரியத்தை கவிழ்ந்து கிடந்த ஸ்பீக்கரைக் காலால் ஓரம் தள்ளிவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் போடமாட்டேன். சொன்னா சொன்னதுதான். ஆனா என் பேர்ல எவனும் போடக்கூடாது. அதைப் பாத்துக்கத்தான் உக்காந்திருக்கேன். நீ சொல்லுடி."

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கதை மறுபடி ஆரம்பமானது. ஓவ் போடுவது மனைவி. எங்கே போடவேண்டும் என்று அவள் அத்தையின் முகத்தைப் பார்த்தாள். பெரியத்தை வாயை இறுக மூடிக்கொண்டு, முகவாயை மட்டும் லேசாக அசைப்பார். இவள் "ஓவ்" என்பாள். வாக்குறுதியும் காப்பாற்றப்பட்டது, கதையும் நகர்ந்தது. மாமியாரின் குரல் ஏறியது, இறங்கியது, ஒரு இடத்தில் தழுதழுத்தது. சைலன்ஸுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனாலும் ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார்.

கதையின் நடுவில், மாமியார் ஒரு சின்ன வாக்கியம் சொல்லி நிறுத்தினார். மனைவி அத்தையைப் பார்த்தாள். பெரியத்தை முகவாயை அசைக்கவில்லை. வெடுக்கென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அங்கே முட்டுக்கொடுத்திருந்த மெத்தையைப் பார்க்க ஆரம்பித்தார். மனைவி வாயைத் திறக்கவில்லை.

மாமியார் காத்திருந்தார். மின்விசிறி இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை, பக்கத்து வீட்டுக் குக்கர்கூட இல்லை. முப்பது வருடமாக சைலன்ஸ் கத்திக் கத்திக் கேட்ட அமைதி, ஒரு மாசுமருவில்லாமல், அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தது. அவரால் அதைத் தாங்க முடியவில்லை. மாமியாரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடுவதைப் பார்த்தார். சொன்னது நடக்காததாகப் போய்க்கொண்டிருக்கிறது, யாராவது ஏதாவது சொல்லுங்களேன் என்று தவித்தார். யாரும் சொல்லவில்லை.

"ஓவ்!" என்று கத்தினார் சைலன்ஸ்.

கத்தத்தான் அவருக்குத் தெரியும். படப்பிடிப்பில் தெருக்கோடி வரை கேட்கிற அதே குரல். மைக் அலறியது, கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. போர்வைக்குப் பின்னாலிருந்து டைரக்டர் "கட்!" என்று கத்தியே விட்டார்.

பெரியத்தை மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு மாமியாரைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமியார் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"என்ன? என்ன ஆச்சு? தப்பான இடமா?" என்றார் சைலன்ஸ்.

பெரியத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "கதையில ஒருத்திக்கு ஒரே மக. சொந்த பந்தமெல்லாம் அழிஞ்சுபோச்சு. எங்கிருந்தோ ஒருத்தன் வர்றான், இவங்க பேச்சு ஒண்ணும் தெரியாதவன். அவனுக்கே மகளைக் கட்டிக் கொடுக்குறா. அப்ப ஊரைப் பாத்து அவ ஒண்ணு சொல்வா: 'வந்தவன் நல்லவன்.' அதுக்குத்தான் நான் வாயைத் திறக்கல. உள்ளுக்குள்ள கோவம் இருக்குல்ல? பாத்தா, நீங்களே போட்டுக்கிட்டீங்க! நான் நல்லவன்னு தனக்குத்தானே சாட்சி சொல்ற ஆளை இந்த வயசுல இப்பத்தான் பாக்குறேன்!"

சைலன்ஸுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் அறையை விட்டே போய்விட்டாள்.

"பெரியத்தை, அதை வெட்டி..." என்று ஆரம்பித்தவர், வெட்டி என்ற சொல்லைப் பாதியில் விழுங்கினார். "அது அப்படியே இருக்கட்டும். ஆனா அது செல்லுமா?"

"தனக்குத்தானே போட்டா எப்படிச் செல்லும்? வேற ஆள் போடணும்."

பெரியத்தையின் சிரிப்பு அடங்கிவிட்டது. அணைந்து கிடந்த கம்ப்யூட்டர் திரையைக் கைகாட்டினார்.

"தொல்லைன்னு எழுதினீங்க. அது தப்புதான், நான் மறக்கமாட்டேன். ஆனா இருமினது, சண்டை போட்டது, மிட்டாயோட சொன்னது, எதையும் தொலைக்கலையே" என்றார். பிறகு மாமியாரின் பக்கம் முகத்தைத் திருப்பினார். "எங்கே, அந்த இடத்தை மறுபடி சொல்லு."

மாமியார் சொன்னார், இந்த முறை சைலன்ஸைப் பார்த்து.

"ஓவ்" என்றார் பெரியத்தை. அவசரமில்லாமல், நன்றாக இழுத்து.

அதற்குப் பிறகு கதையை யாரும் நிறுத்தவில்லை. ஓவ் போடவேண்டிய இடத்தில் ஓவ் விழுந்தது, ஓங் விழுந்த இடத்தில் சண்டை வந்தது, சண்டையும் சேர்ந்தே பதிவானது. திரும்பி வந்த மனைவி கதவோரம் தரையில் உட்கார்ந்து, அம்மா தனக்குச் சொல்லாமல் விட்டதைக் கடைசிவரை கேட்டாள். கதை முடிந்ததும் டைரக்டர் போர்வையில் மூக்கைத் துடைத்தார்.

சைலன்ஸ் ஹெட்ஃபோனைக் கழற்றப் போனார். அப்போது மாமியார் நேராக அவரைப் பார்த்தார். நடுவில் மகள் இல்லை.

"மாப்பிள்ளை, ஃப்ரிட்ஜைப் போட்டுடுங்க. பால் கெட்டுடும்."

சைலன்ஸ் அவர்கள் மொழியில் தனக்குத் தெரிந்த சொல்லைச் சொன்னார்.

"ஓவ்."

"ஓங்!" என்றார் பெரியத்தை. "இன்னும் எழுந்திருக்கவே இல்ல, அதுக்குள்ள நடந்துடுச்சாம்! முதல்ல போய்ப் போடுங்க."

சைலன்ஸ் எழுந்து ஓடினார்.